மூட்டுவலி மாத்திரையோடு மஞ்சள் கேப்ஸ்யூலா? பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்து வந்த கொங்கு மக்களுக்கு

ஈரோட்டிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ வந்த அப்பா அம்மாவின் பெட்டியில் ஊர் டாக்டர் எழுதிய மாத்திரை அட்டை இருக்கும், ஒரு டப்பா சூரணமும் இருக்கும். இங்கே மருந்துக் கடையில் மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் எல்லாம் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஊரில் பரவலாகத் தரும் ஒரு மாத்திரையில் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்திருக்கும். காலை, இரவு போட்டால் பாராசிட்டமால் மட்டும் 650 மி.கி. அன்றைக்கே சளி பிடித்து, 500 மி.கி. பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரையை இரண்டிரண்டாக நாலு வேளை போட்டால் மொத்தம் 4650. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே 4000. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ ஈரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். பெயர் மாறுவதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அசிக்ளோஃபெனாக் போடுகிறவர் இங்கே வாங்கும் ஐபுப்ரோஃபென், நேப்ராக்சன் எதையும் கூடச் சேர்க்கக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். பிபி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதில் நீர் பிரிக்கும் மருந்தும் உண்டு. அதோடு வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வாந்தி பேதி வந்த நாளில் இது சட்டென்று முற்றும்.

மஞ்சளைப் பற்றித்தான் நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுவதால் ஒன்றும் ஆகாது. பொடியில் குர்குமின் என்ற மஞ்சள் சத்து சுமார் 3 சதவீதம்தான். கேப்ஸ்யூலோ 500 மி.கி.யில் 95 சதவீதம் குர்குமின், அதாவது 475 மி.கி. பொடிக் கணக்கில் பார்த்தால் 15 கிராமுக்கு மேல், ஐந்து டீஸ்பூன் ஒரே வாயில். உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். அது வேறு சில மருந்துகளையும் ரத்தத்தில் கூட்டிவிடும். இப்படிச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். அதிக அளவு மீன் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கைதான். குளுக்கோசமைன் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பதால் அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு முறை மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சூரணம் சாப்பிட்ட மூணாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது அதன் அடையாளம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள்; உடம்பு தளர்ந்து மயக்கம் வரும். டப்பாவோடு உடனே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

புதிதாக எதை ஆரம்பித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடுத்ததற்கு மூன்று வாரமாவது போகட்டும். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். மலம் தார் போலக் கருத்தாலோ, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அட்டை, டப்பா, சூரணம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.