மாடி வெயிலில் ஒரு மாட்டு வயிறு: வீட்டுக் கழிவில் எரிவாயு

சமையல் கழிவை எரிவாயுவாக்கும் கலத்தை மாட்டின் வயிறாக நினைத்துக்கொண்டால் பாதி வேலை புரிந்துவிடும். காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிரிகள் சோற்றையும் காய்த்தோலையும் செரித்து, எரியும் வாயுவான மீத்தேனை விடுகின்றன. புனேயின் ஆர்த்தி நிறுவனம் இப்படிச் சமையல் கழிவில் ஓடும் சிறு கலத்துக்காக 2006-இல் தூய எரிசக்திக்கான ஆஷ்டன் விருது வாங்கியது. நான் கட்டியதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

வேண்டியவை: 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று, அதற்குள் கவிழ்த்து இறக்க 750 லிட்டர் டேங்க் ஒன்று, பிவிசி குழாய்கள், ஒரு வால்வு, கேஸ் டியூப்.

1. இரண்டு டேங்கின் மேல்பாகத்தையும் அறுத்தெடுங்கள். பெரியதில் கழிவு ஊற்றும் குழாய் அடிவரை போகட்டும். எதிர்ப்பக்கம் விளிம்புக்குக் கீழே வழிகுழாய். சின்னதைக் கவிழ்த்தால் மேலே வருகிற அடிப்பாகத்தில் வால்வு. மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

2. நல்ல வெயில் படும் இடத்தில் வையுங்கள். நிரம்பினால் ஒரு டன் எடை, அதனால் மொட்டைமாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம்.

3. சுமார் 100 கிலோ பசுஞ்சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோல், கல் நீக்கி ஊற்றுங்கள். மீதிக்குத் தண்ணீர். வால்வைத் திறந்துவைத்தபடி சின்ன டேங்கை இறக்கி, பிறகு மூடுங்கள்.

4. இரண்டு வாரம் பொறுங்கள். வாயு சேரச் சேரச் சின்ன டேங்க் மேலெழும். முதல் வாயுவைக் கொளுத்தவே கூடாது! காற்று கலந்திருக்கும், வெடிக்கலாம். திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள்.

5. இனித் தீனி. பழைய சோறு, குழம்பு, காய்த்தோல், வடிகஞ்சி. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் சீக்கிரம் செரிக்கும். முதல் வாரம் தினம் அரைக் கிலோ, பிறகு மெல்ல இரண்டு கிலோ. எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு கூடாது.

நான் சறுக்கியது இங்கேதான். வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய ஒரு அண்டாச் சோற்றை ஒரே நாளில் கொட்டினேன். மறுநாள் புளித்த கள் வாடை. மூன்று வாரம் டேங்க் அசையவே இல்லை. அமிலம் ஏறினால் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். அப்படியானால் தீனியை நிறுத்துங்கள். கொஞ்சம் சுண்ணாம்பும் புதுச் சாணக் கரைசலும் ஊற்றிக் காத்திருங்கள். அஜீரணம் வந்த ஆளுக்கு விருந்து வைப்போமா?

6. வால்விலிருந்து அடுப்புக்குப் போகும் கேஸ் டியூபின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வையுங்கள், இல்லையேல் சுடர் திக்கும். அழுகின முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. துருவேறிய இரும்பு நார் அடைத்த பாட்டில் வழியாக விட்டால் அது குறையும். சிலிண்டர் அடுப்பின் துளை இதற்குச் சிறியது, சாண எரிவாயு அடுப்பே வாங்குங்கள். சுடர் தணிவாக இருந்தால் டேங்க் மேல் இரண்டு செங்கல்.

இரண்டு கிலோவுக்கு அரை மணி, முக்கால் மணி எரியும். மின்சாரம் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம்தான், ஆனால் சிறு ஜெனரேட்டரில் ஒரு கன மீட்டர் வாயு ஒன்றரை யூனிட் தந்தாலே பெரிது. அது சந்தை, விடுதி அளவுக்கான வேலை. வீட்டில் பால் காய்ச்சுங்கள்.

வழிகுழாயில் வரும் கரைசலைத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். என் கறிவேப்பிலை இப்போது மதிலைத் தாண்டிவிட்டது, பக்கத்து வீட்டு அக்காதான் பறிக்கிறார்.