சனி இரவு ரேஸ்: நண்பர்களோடு சிம் ரேசிங் ஓடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம் ரேசிங் என்றால், நிஜக் காரைப் போலவே நடந்துகொள்ளும் காரை கேமில் ஓட்டுவது. இணையத்தில் ஒன்றாக ஓட முதல் தடவை ஒன்பது பேர் சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், இரண்டு பேர் சுன்னாகத்தில், ஒருவன் மானிப்பாயில், மற்றவர்கள் கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குவதாகப் பேச்சு. தொடங்கியபோது பத்தரை. அதற்குள் ஒருவனிடம் கார் மொட் (ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் கார்) இல்லை, ஒருவனுக்கு அப்டேட் இறங்கி முடியவில்லை, ஒருவன் காத்திருந்து நித்திரையாகிவிட்டான். மிச்சம் ஆறு பேர். முதல் வளைவு தாண்டியதும் மூன்று பேர். அடுத்த சனிக்கிழமை “இண்டைக்கு ஓடுவமா?” என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அந்த இரவு பிழையாய்ப் போனதற்கு யாருடைய ஓட்டமும் காரணமில்லை. ஒழுங்கு செய்த முறைதான் காரணம். திறமாக ஓடுபவன் எப்படியும் வருவான். கடைசி இடத்தில் ஓடுபவன், கரண்டும் இணையமும் சரியில்லாதவன், வேலை முடிந்து களைத்து வருபவன் ஆகியோர் அடுத்த கிழமையும் வரவேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கீழே சொல்லும் தவறுகளில் பாதி தானாகவே தெரியும்.

எந்த கேம் என்பதை ஆகத் திறமான கொம்பியூட்டர் வைத்திருப்பவன் தீர்மானிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பிசியில் அசெட்டோ கோர்சா என்ற ரேசிங் கேமை வைத்திருப்பவனும் பிளேஸ்டேஷனில் அதே கேமை வைத்திருப்பவனும் ஒரே ரேஸில் சேர முடியாது. கிரான் டூரிஸ்மோ 7 என்றால் பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் சேரலாம், ஆனால் ஒன்லைனில் ஓட ஒவ்வொருவருக்கும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஆகவே முதலில் எல்லோரிடமும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நாங்கள் அசெட்டோ கோர்சாவில் நின்றோம். 2014இல் முழுமையாக வெளிவந்த கேம், பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும், மொட்டுகளும் ஏராளம். அதில் சில கார்களும் ட்ராக்குகளும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. எல்லோரிடமும் இல்லாத ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு “வாங்குடா மச்சான்” என்று சொல்வது அழகில்லை.

ஸ்டியரிங் வீல் இல்லாதவனை ஒதுக்குவதும் அதே வகைப் பிழை. இங்கே ஒரு நல்ல வீலின் விலை பலருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். கொன்ரோலரில் ஓடுபவன் ஓடட்டும். ஏபிஎஸ், ட்ராக்ஷன் கன்ட்ரோல், ஓட்டோ கிளட்ச் போன்ற உதவிகள் எல்லாவற்றையும் சேர்வரில் (எல்லோரும் இணைந்து ஓடும் பொதுக் கொம்பியூட்டரில்) அனுமதித்து விடுங்கள். காரில் இல்லாத ஏபிஎஸ்ஸைக்கூடப் போட்டுக்கொள்ள விடும் தெரிவு அதில் இருக்கிறது.

இனி காரும் ட்ராக்கும். புதிதாகச் சேரும் எல்லோருக்கும் எஃப் 1 கார் அல்லது ஜிடி3 கார் (பந்தயத்துக்கென மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்) ஓடத்தான் ஆசை. ட்ராக் என்றால் பெல்ஜியத்தின் ஸ்பா, இல்லாவிட்டால் ஜேர்மனியின் நோர்ட்ஷ்லைஃபே. ஆசையில் பிழை இல்லை, ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். நோர்ட்ஷ்லைஃபே 20.8 கிலோமீற்றர். சின்னக் காரில் ஒரு சுற்றுக்கே பத்து நிமிடத்துக்குக் கிட்டப் பிடிக்கும். முதல் சுற்றிலேயே ஆட்கள் சிதறிவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் காட்டுக்குள் தனியே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவன் ஒருதரம் சுழன்று சுவரில் மோதினால் அவனுடைய இரவு முடிந்தது. இத்தாலியின் மொன்ஸாவிலும் வேறு கதை இல்லை: நீண்ட நேர்ப்பாதை, கடைசியில் ஒடுக்கமான முதல் வளைவு. எட்டு புதியவர்கள் ஒரே நேரத்தில் அங்கே பிரேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்களைக் காப்பாற்றியது மஸ்டா எம்எக்ஸ்-5. வேகம் குறைவு, ரயரின் பிடியும் குறைவு, ஆகவே கார் சறுக்கத் தொடங்கும்போது திருத்த நேரம் கிடைக்கும். ட்ராக், இங்கிலாந்தின் பிரான்ட்ஸ் ஹட்ச்சின் சின்ன வடிவம், இண்டி. 2 கிலோமீற்றர்கூட இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று. சுழன்றவன் கொஞ்ச நேரத்தில் மறுபடி யாரோ ஒருவரின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பான். முதல் வளைவான பாடொக் ஹில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் இறங்கும். திரும்பத் தொடங்கும்போது வளைவின் அடி தெரியாது. முதல் நாள் எல்லோரும் வெளியே போனோம். மூன்றாம் கிழமை, கொன்ரோலர் வைத்திருந்த சுன்னாகத்து நண்பன் அந்த இடத்தில் உள்பக்கத்தால் போய் இரண்டு பேரை ஒரே தடவையில் முந்தினான். அவன் கத்தின சத்தத்துக்கு அவனுடைய அம்மா அறைக்குள் வந்துவிட்டார். அந்த இரவுக்குப் பிறகு அவன் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

மொட் பற்றி ஒரு வார்த்தை. புதிய கார் ஒன்றை யூரியூப்பில் பார்த்துவிட்டு ரேஸுக்கு அரை மணித்தியாலம் முன்னர் லிங்க் போடுபவன் எல்லாக் குழுவிலும் இருப்பான். வேண்டாம். ஒரே காரின் இரண்டு பதிப்பை இரண்டு பேர் போட்டிருந்தாலே சேர்வர் கோப்புகளைச் சரிபார்த்து ஒருவரை வெளியே தள்ளிவிடும். புதன்கிழமைக்கு முன் கார், ட்ராக், லிங்க் மூன்றும் முடிவாக வேண்டும். வெள்ளி இரவு எல்லோரும் ஐந்து நிமிடம் சேர்வருக்குள் வந்து ஒரு சுற்று ஓடிவிட்டுப் போக வேண்டும். கேம் அப்டேட்டும் அப்படித்தான். ரேஸ் ஓட டேட்டா கொஞ்சம்தான் போகும். டவுன்லோட்தான் பக்கேஜை விழுங்கும்.

சேர்வரை எங்கே வைப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் ரொறன்ரோ நண்பன், எனக்குச் சின்னம்மாவின் மகன், ஆசையோடு தன் செலவில் கனடாவில் ஒரு சேர்வர் எடுத்துத் தந்தான். அவனுக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. எங்களுக்கு முன்னால் போகும் கார்கள் துள்ளித் துள்ளி ஓடின. காரணம் சின்னக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல். போய்வர ஆகக் குறைந்தது 130 மில்லிசெக்கன், உண்மையான பாதையில் இன்னும் கூட. 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் 100 மில்லிசெக்கனில் 5 மீற்றருக்கு மேல் போய்விடும். எம்எக்ஸ்-5 ஒன்றின் நீளமே ஏறக்குறைய 4 மீற்றர்தான். அதாவது உங்கள் திரையில் தெரியும் இடத்தில் அந்தக் கார் உண்மையில் இல்லை. இடைப்பட்ட தூரத்தை கேம் ஊகித்துக் காட்டுகிறது. உங்கள் திரையில் அவன் உங்களை இடிக்கிறான், அவன் திரையில் இரண்டு பேருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. பிறகு இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

பெரும்பாலானோர் இங்கே என்றால் சிங்கப்பூர் அல்லது மும்பை. இலண்டன், பாரிஸ் ஆட்களும் பாதிக்குப் பாதி என்றால் மும்பை நடுவில் விழும். ஆனாலும் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். இணையம் எந்தப் பாதையால் சுற்றிப் போகும் என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு இடத்தில் ஒவ்வொரு நாள் எடுத்து ஓடிப் பார்த்து, எல்லோருடைய பிங்கையும் (சேர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) எழுதிக்கொண்டு முடிவெடுங்கள். ஆகக் கூடிய பிங் யாருக்கு, அவனுக்கு அது ஓடக்கூடிய அளவா என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்தே சேர்வர் போடலாம் என்று 4ஜி ரவுட்டரோடு மினக்கெடாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி அதில் பெரும்பாலும் அடைத்திருக்கும். ஓடுபவர்கள் முடிந்தவரை வைஃபையை விட்டு வயரில் ஓடட்டும். நான் முன்விறாந்தையிலிருந்து அறை வரைக்கும் 15 மீற்றர் வயர் இழுத்தேன். அதற்குக் கொடுத்த காசுக்கு வேறு எதிலும் இவ்வளவு பலன் கிடைக்கவில்லை.

நேரம் இன்னொரு பொறி. இங்கே சனி இரவு ஒன்பது மணி என்றால், குளிர்காலத்தில் இலண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. கோடையில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் கூடும். எங்களுடைய மணிக்கூடு மாறாது, அவர்களுடையது மாறும். அதுவும் ஒரே நாளில் மாறாது: ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் பாதிப் பேர் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வந்து நிற்பார்கள். இலையுதிர் காலத்திலும் அதே குழப்பம், ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவில். ஆகவே அறிவித்தலில் எப்போதும் மூன்று ஊர் நேரத்தையும் எழுதுங்கள். நல்லூரில் கொடியேறிய பிறகு அந்த 25 நாட்களும் ரேஸ் வைக்காதீர்கள். இங்கே உள்ளவர்கள் கோயிலடியில் நிற்பார்கள், வெளிநாட்டு ஆட்களில் பாதிப் பேரும் அங்கேதான் நிற்பார்கள். அந்த நாட்களில் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உங்கள் வீலில் இருத்துங்கள். பிங் இல்லாமல் பக்கத்தில் இருந்து ஓடுவது தனிச் சந்தோசம்.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலம் போய்விட்டது. ஆனாலும் இரண்டு நிமிட வெட்டு ஒரு ரேஸைக் கெடுக்கப் போதும். ரவுட்டருக்குச் சின்ன பற்றரி யூபிஎஸ் ஒன்று போடுங்கள், வோல்ட் சரியா என்று அடப்டரைப் பார்த்து வாங்குங்கள். கொம்பியூட்டருக்குச் சாதாரண யூபிஎஸ் சில நிமிடம்தான் பிடிக்கும், ஒழுங்காக நிறுத்த அது போதும். ஒழுங்கு செய்பவர் கவனிக்க வேண்டியது வேறு. இரவு முழுக்க ஒரே நீண்ட ரேஸ் வைத்தால், பத்தாம் நிமிடத்தில் கரண்ட் போனவனுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதற்காகவே நாங்கள் 12 நிமிட ரேஸ் மூன்று வைக்கிறோம். ஒன்று போனாலும் இரண்டு இருக்கும்.

இனி ஓடும்போது. முதல் சுற்றில் ஒருவரும் முந்த முயற்சிக்கக் கூடாது என்று நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஆரம்பத்தில் மெத்த எதிர்ப்பு, ஆனால் முதல் வளைவில் நொறுங்கும் கார்கள் அந்தக் கிழமையே குறைந்தன. இரண்டாவது விதி: முன்னால் போகும் கார் வளைவுக்குள் திரும்பத் தொடங்கும் இடத்தில் உங்கள் முன் சில்லு அவனுடைய கதவடிக்கு வந்திருந்தால் அவன் உங்களுக்கு இடம் விடவேண்டும். வராவிட்டால் நீங்கள் பின்வாங்க வேண்டும். மூன்றாவது: சுழன்றவன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாகப் பின்னுக்கு உருளும் காரைத்தான் ஒருவராலும் தவிர்க்க முடியாது. நிற்கும் காரைச் சுற்றிப் போகலாம். இந்த மூன்றுக்கு மேல் விதி எழுதாதீர்கள், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். மோதினால் காருக்கு வரும் சேதத்தை முழு அளவில் வைக்காமல் ஐந்தில் ஒரு பங்காக்கிவிடுங்கள்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து ஓடவிடுவது இன்னொரு பெரிய தவறு. எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரியில் மாடுகளைப் பிரிவு பிரித்துத்தான் ஓடவிடுவார்கள். பெரிய சோடியோடு சின்னச் சோடியை விட்டால் பார்க்கிறவனுக்கும் சுவை இல்லை. ஆட்கள் குறைவான குழுவில் பிரிவு பிரிக்க முடியாது, ஆனால் எடை ஏற்றலாம். அசெட்டோ கோர்சாவில் அட்மின் ஒரு கட்டளையால் ஒருவருடைய காருக்கு எத்தனை கிலோ என்று பாரம் போடலாம். முதல் ரேஸை வென்றவனுக்கு 30 கிலோ, இரண்டாமவனுக்கு 20 என்று தொடங்கினோம். இரண்டாவது ரேஸை முதல் ரேஸின் முடிவைத் தலைகீழாக்கித் தொடங்கலாம், அதற்கும் சேர்வரிலேயே வசதி உண்டு. கடைசியில் வந்தவன் முதலாவதாக நின்று தொடங்கும் அந்த ஒரு நிமிடம் அவனுக்குப் பெரிது. வேகமானவர்களுக்கும் முந்திக்கொண்டு வர வேலை கிடைக்கும். முதல் மாதத்திலேயே பத்துக் கிழமைக்கு நீளும் புள்ளிப் போட்டி வைக்க வேண்டாம். இரண்டு கிழமை வராதவன் இனி வந்து பயனில்லை என்று நின்றுவிடுவான்.

ஓடும்போது கதைக்கும் டிஸ்கோர்ட் செயலியில் எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்திருந்தால் மின்விசிறி, நாய், பக்கத்து வீட்டுச் சத்தம் எல்லாம் வரும். பட்டனை அழுத்திக் கதைக்கும் முறைக்கு மாற்றுங்கள். கார்கள் இடிபட்ட உடனே மைக்கில் நியாயம் கேட்கக் கூடாது. ரேஸ் முடிந்து ரிப்ளேயைப் பார்த்து, அடுத்த நாள் இரண்டு பேரும் தனியே கதைக்கட்டும். குழுவில் போட்டால் அது கிழமைக் கணக்கில் இழுபடும். பிங் பிழையா ஓட்டப் பிழையா என்பதும் ரிப்ளேயில் ஓரளவுக்குத் தெரியும்.

எல்லா வேலையையும் ஒருவர் தலையில் போடாதீர்கள். ஒரு வருடம் நானே எல்லாம் செய்து, எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை ரேஸே இல்லை. இப்போது கார் தெரிவு ஒருவன், சேர்வர் ஒருவன், அறிவித்தல் ஒருவன். சேர்வர் பாஸ்வேர்ட் மூன்று பேரிடம் இருக்கிறது.

அறிவித்தல் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, எப்போதும் ஒரே வடிவில் போகும்: “நாளை இரவு 9.00, இலண்டன் 4.30, ரொறன்ரோ 11.30. எம்எக்ஸ்-5, மஜியோனே ட்ராக். 12 நிமிடம், மூன்று ரேஸ். மொட் ஒன்றும் வேண்டாம். இன்று இரவு ஐந்து நிமிடம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போங்கோ.” அதன் பிறகு, போன கிழமை கடைசியாக வந்தவனுக்கு மட்டும் தனியே ஒரு போன் எடுப்பேன்.