டுவெமர்கள் எங்கே போனார்கள்? ஸ்கைரிமில் நாமே துப்புத் துலக்கும் முறை

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் ஸ்கைரிம் விளையாட்டை ஆடத் தொடங்கி முப்பது மணி நேரம் ஆன பிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பாழடைந்த நகரத்துக்குள் நுழைகிறோம். குழாய்களில் ஆவி சீறுகிறது, பற்சக்கரங்கள் சுழல்கின்றன, சுவரிலிருந்து உருண்டு வரும் பித்தளைக் கோளம் எழுந்து நின்று வாள் வீசுகிறது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டிய டுவெமர் என்ற பழைய இனத்தாரை மட்டும் காணோம். அவர்களுடைய எலும்புக்கூடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

விக்கியில் தேடினேன், நாலு பத்தியில் கதை முடிந்துவிட்டது. ஆனாலும் மனம் நிறையவில்லை. பிறகு விளையாட்டுக்குள்ளேயே சுற்றி, சாட்சிகளைத் தேடி, நோட்டில் எழுதி எழுதிச் சேர்த்தேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். விளையாட்டை நிறுவுவது, சண்டை போடுவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனே போதும், டான்கார்ட் என்ற கூடுதல் கதைத் தொகுப்பும் அதிலேயே இருக்கிறது. ஒரு காகித நோட்டு கட்டாயம் வேண்டும். ஸ்டீமில் எஃப்12 அழுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் படங்கள் குவிந்த பிறகு திரும்பிப் பார்க்கவே தோன்றாது. கையால் எழுதியதுதான் நினைவில் நிற்கிறது. சந்தேகம் தீர்க்க மட்டும் யூஈஎஸ்பி விக்கி, இந்தத் தொடருக்கென்றே ரசிகர்கள் நடத்தும் தளம். எந்தச் செய்தி எந்த ஆட்டத்தில், எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று அதில் குறித்திருப்பார்கள். இடிபாடுகளுக்குள் துணை ஆளைக் கூட்டிப்போகாதீர்கள். நாம் ஒரு குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் போய்ப் பொறியை மிதித்துவிடுவார்.

முதல் படி: மார்கார்த்

இந்த நகரமே டுவெமர் கட்டடங்களின் மேல்தான் இருக்கிறது. அரண்மனையில் கல்செல்மோ என்ற அறிஞர் இருப்பார். அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அகழ்வுப் பகுதியில் இருக்கும் நிம்ஹே என்ற பெரிய சிலந்தியைக் கொல்லச் சொல்வார். கொன்றுவிட்டு வந்தால் சாவி கிடைக்கும்.

உள்ளே போனதும் எதையும் எடுக்காதீர்கள், பாருங்கள். கல் கட்டில்களின் நீளத்தையும் வாசல்களின் உயரத்தையும் கவனியுங்கள். ஊரார் இவர்களை ‘ட்வார்ஃப்’ என்கிறார்கள். கேட்டால் குள்ளர்கள் என்று தோன்றும், ஆனால் இவர்கள் எல்ஃப் இனத்தார், நம்மைப் போன்ற உயரம்தான். பூதாகாரமான ராட்சதர்கள் தங்கள் உயரத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் அது என்று சொல்வார்கள். பெயரை நம்பிப் போனால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுவோம்.

இரண்டாம் படி: காலக்கணக்கு

*(இந்தப் பகுதியைப் பிறகு சேர்த்தேன். டுவெமர்கள் மறைந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.)*

டுவெமர்கள் மறைந்தது முதலாம் யுகம் 700. ஸ்கைரிம் நடப்பது நான்காம் யுகம் 201. ஒவ்வொரு யுகமும் மறுபடி ஒன்றிலிருந்துதான் எண்ணப்படும். முதல் யுகம் 2920 ஆண்டு, இரண்டாவது 896, மூன்றாவது 433. ஆக, முதல் யுகத்தில் மிச்சம் 2220, அதோடு 896, 433, 201. கூட்டினால் 3750 ஆண்டு. அவ்வளவு காலமாக, எண்ணெய் விட ஆள் இல்லாமல் அந்தப் பற்சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. இது தெரிந்த பிறகு அந்தச் சத்தமே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

மூன்றாம் படி: சாட்சிகளை எதிரெதிரே நிறுத்துவது

நான் சறுக்கிய இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

மறைவு நடந்தது செம்மலைப் போரில். அதன் முழு விவரம் ஸ்கைரிமில் கிடைக்காது, அதே தொடரில் 2002இல் வந்த மாரோவிண்ட் விளையாட்டுக்குப் போக வேண்டும். (இன்றைய கணினியில் அதை ஓப்பன்எம்டபிள்யூ வழியாக ஓட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எஞ்சின் இலவசம், விளையாட்டின் மூலக் கோப்புகள் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.)

எனக்கு முதலில் கிடைத்தது விவெக் என்ற பாத்திரம் சொன்ன கதை. டுவெமர்களின் தலைமைப் பொறியாளன் காக்ரெனாக், லோர்கான் என்ற இறந்த கடவுளின் இதயத்தை மலைக்கடியில் கண்டெடுக்கிறான். சன்டர், கீனிங், ரெய்த்கார்ட் என்று மூன்று கருவிகள் செய்கிறான். போரில் தோல்வி நெருங்கியதும் அந்தக் கருவிகளை இதயத்தின் மேல் பிரயோகிக்கிறான், இனமே ஒரு நொடியில் மறைந்துபோகிறது. டுவெமர்களை எதிர்த்து வென்ற தளபதி நெரவார், பட்ட காயங்களால் பிறகு இறக்கிறான். இதை அப்படியே நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, ‘விடை’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன்.

சில வாரம் கழித்து, மாரோவிண்டில் வரும் நாடோடிகளான சாம்பல்நில மக்களின் கதை கையில் கிடைத்தது. நெரவாரின் கேடயம் தூக்கிய அலாண்ட்ரோ சுல் வழியாக வந்த கதை. அதில் கருவிகளைப் பயன்படுத்தும் முறையை நெரவாருக்குச் சொல்லித் தருவது அஸூரா தேவதை. களத்தில் நின்ற டுவெமர்கள் சுற்றிலும் தூசியாக உதிர்கிறார்கள். அதற்குப் பிறகு நெரவார் காயத்தால் சாகவில்லை, அவனுக்கு நெருக்கமான மூவரின் சதியால் சாகிறான். அல்மலெக்சியாவின் நச்சு மெழுகுவர்த்தி, சோத்தா சில்லின் நச்சு அங்கி, விவெக்கின் நச்சு மந்திரம், மூன்றும் சேர்ந்து அவனைக் கொல்கின்றன.

அந்த மூவரும் பிறகு அதே கருவிகளால் கடவுளர் ஆனவர்கள். ஆக, எனக்கு முதல் கதையைச் சொன்னவரே கொலைப் பழி சுமத்தப்பட்டவர்! அதை நடுநிலை வரலாறு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நோட்டின் பக்கத்தை நாலு பத்தியாகப் பிரித்துக்கொண்டேன்: சொன்னவர் யார், அவர் களத்தில் இருந்தாரா, எத்தனை காலம் கழித்துச் சொல்கிறார், இந்தக் கதை நம்பப்பட்டால் அவருக்கு என்ன லாபம். நாலாவது பத்தியைக் காலியாக விடாதீர்கள். சாம்பல்நில மக்களுக்கும் அது பொருந்தும், அந்த மூவரின் கோயில் அவர்களை ஒடுக்கிவந்தது.

நான்காம் படி: வின்டர்ஹோல்ட் கல்லூரி

அர்னியல் கேன் என்ற மந்திரவாதி பத்து டுவெமர் பற்சக்கரம் கேட்பார். எடை அதிகம் என்று பலர் வழியிலேயே போட்டுவிடுகிறார்கள். முதல் இடிபாட்டிலிருந்தே எடுத்துச் சேர்த்து வையுங்கள். காக்ரெனாக் செய்ததைச் சிறிய அளவில் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அவர் நோக்கம், அதற்குக் கீனிங்கே வந்து சேரும். மாரோவிண்டில் ரெய்த்கார்ட் இல்லாமல் தொட்டால் உயிரைக் குடிக்கும் கத்தி, இங்கே சாதாரணமாகக் கையில் நிற்கிறது. ஏன் என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

*பின்சேர்க்கை:* நடுவில் ஒரு ஆத்மக் கல்லைக் கன்வெக்டர் என்ற டுவெமர் கருவியில் சூடேற்றும் வேலை வரும். ஒரே இடிபாட்டில் வேலை முடியாது, பல இடங்களுக்கு அலைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனி சேவ் வையுங்கள். பலருக்கு இந்தக் கட்டத்தில் குவெஸ்ட் சிக்கிக்கொள்கிறது.

ஐந்தாம் படி: பிளாக்ரீச்

பிளாக்ரீச் ஒரு பெரிய நிலத்தடிக் குகை. அல்ஃப்டாண்ட் இடிபாட்டின் வழியாக அதில் இறங்குவதற்கு முன் வடக்குப் பனிப்பாளத்தில் இருக்கும் செப்டிமஸ் சிக்னஸ் என்ற அறிஞரைப் பார்த்துவிடுங்கள். அவர் தரும் உருண்டை இல்லாமல் அடித்தளப் பொறி திறக்காது. அத்தனை ஆழம் இறங்கித் திரும்பி வருவது மகா அலுப்பு. பிற்பாடு ஒரு டுவெமர் பெட்டியைத் திறக்க, ஐந்து எல்ஃப் இனங்களின் ரத்தத்தைக் கலந்து டுவெமர் ரத்தத்துக்கு ஈடாக்கப் பார்ப்பார் இவர். டுவெமர்கள் எல்ஃப் இனத்தார் என்று முதல் படியில் சொன்னதற்கு இதுவே நல்ல ஆதாரம்.

பிளாக்ரீச்சில் இசையை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். அங்கே திரியும் குருட்டு ஃபால்மர்களை அவசரப்பட்டு வெறுக்க வேண்டாம். நார்டு என்ற மனித இனத்தாரிடமிருந்து தப்பி டுவெமர்களிடம் அடைக்கலம் கேட்டு வந்த பனி எல்ஃபுகளின் சந்ததி அவர்கள். அடைக்கலத்துக்கு விலையாக டுவெமர்கள் அவர்களின் கண்பார்வையைப் பறித்தார்கள். டான்கார்ட் கதையில் கெலெபோர் என்ற பனி எல்ஃபைச் சந்திக்கலாம். அவரிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். தன் இனத்தாரை அவர் ‘வஞ்சிக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லும்போது, அருங்காட்சியகத்தில் நான் வியந்து நின்ற பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன.

கடைசிப் படி: யாக்ரம் பகார்ன்

மறுபடி மாரோவிண்ட். டெல் ஃபிர் கோபுரத்துக்கு அடியில், கார்ப்ரஸ் என்ற கொடிய நோய் பிடித்தவர்களை அடைத்திருக்கும் குகை. அவர்கள் தாக்க வந்தாலும் திருப்பி அடிக்காதீர்கள், கோபுரத்துக்காரர் டிவாய்த் ஃபிர் அதை விரும்ப மாட்டார். குகையின் உள்ளே, உடல் ஊதி, சிலந்திக் கால் பூட்டிய இயந்திரத்தின் மேல் அமர்ந்திருப்பவர்தான் யாக்ரம். காக்ரெனாக்கிடம் வேலை பார்த்த கைவினைஞர், உயிரோடு இருக்கும் கடைசி டுவெமர்.

சம்பவ நாளில் அவர் வேறொரு உலகத்தில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தன் ஆட்கள் ஒருவரும் இல்லை. காக்ரெனாக்கின் வேலைதான் காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. வழியில் கிடைத்த டுவெமர் புத்தகங்களை விற்காமல் வைத்திருந்தால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த எழுத்தைத் தாய்மொழியாகப் படிக்க அவர் ஒருவர்தான் மிச்சம்.