பாதியில் நிற்கும் ஒட்டுத்துணிப் போர்வையை வீட்டாருடன் முடித்தல்

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி தைத்து முடிந்தும் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் போர்வைக்கு வேண்டியவை அகலமான தரையும் கூடுதல் கைகளுமே. பினாங்கின் புழுக்கத்துக்கு நடுவில் வைக்க மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பே ஏற்றது. அடித்துணிக்குப் பழைய பருத்திச் சேலை போதும்; ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் புதுத்துணி எடுத்தாலும், பாத்திக் எடுத்தாலும், மிகைச் சாயம் போகவும் துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கவும் முதலில் அலசிக் காய வைத்துவிடுங்கள்.

அடித்துணியையும் பஞ்சையும் மேல்துணியைவிட நாற்புறமும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். இருவர் அடித்துணியை இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் தரையில் நாடாவால் ஒட்டட்டும். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு கையகல இடைவெளியில் ஊக்குகளைக் குத்துங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு இவ்வேலை பிடிக்கும், முதுகும் அவர்களுக்குத்தான் வளையும். மூன்று அடுக்குகளையும் சேர்க்கும் தையலையும் நடுவிலிருந்தே தொடங்காவிட்டால் அடித்துணியில் சுருக்கம் விழும்.

விளிம்பை மூடும் ஓரப்பட்டிதான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் வெளியே நீண்டிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியின் அளவுக்கு வெட்டிவிடுங்கள். 6 சென்டிமீட்டர் அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, அதன் வெட்டு விளிம்பைப் போர்வையின் முன்பக்க விளிம்போடு பொருத்தித் தையுங்கள். மூலைக்கு 6 மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த விளிம்போடு நேராகக் கீழே மடித்துத் தொடர்ந்தால் மூலை கூராக அமையும். பட்டியைப் பின்பக்கம் மடித்துப் போடும் ஹெம்மிங்கை, வீட்டில் கைத்தையல் தெரிந்த பாட்டி இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள். மெஷினுக்கு அந்த நேர்த்தி வராது.