ரெட் சாக்ஸ் பற்றி வாதாடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் வந்தால் பாஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் யார்? மறக்கவே முடியாத ஆட்டம் எது? அணி ப்ளே-ஆஃபுக்கே போகாத வருடங்களில் வாதம் இன்னும் சூடாக நடக்கும். கிரிக்கெட்டில் ஊறி வந்தவர்களுக்கு எண்கள் என்றால் பசி அதிகம். வந்த இரண்டாம் வருடமே களத்தில் இறங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் செட் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். பெயர், வருடம் மாற்றிச் சொல்வதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். எதிரில் இருப்பவரே அதைத் திருத்திவிடுவார்.

மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பது

"டேவிட் ஆர்டிஸ் 541 ஹோம் ரன், டெட் வில்லியம்ஸ் 521. அப்புறம் என்ன பேச்சு?" என்பார்கள். (ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது.) முதலில், ஆர்டிஸின் கணக்கில் 58 மினசோட்டாவுக்கு அடித்தவை, பாஸ்டனுக்கு 483தான். அடுத்தது பெரிய விஷயம். வில்லியம்ஸ் 1943, 44, 45 மூன்று சீசன்களும் ராணுவத்தில் இருந்தார். 1952, 53இல் பெரும்பகுதி கொரியப் போருக்குப் போனது. அங்கே ஜெட் விமானம் ஓட்டினார். 24 வயதிலிருந்து 26 வயது வரை லீக்கில் மட்டையைப் பிடிக்காத ஒருவர், போவதற்கு முந்தைய சீசனிலும் 1947இலும் ட்ரிபிள் க்ரவுன் வாங்கியிருக்கிறார். அதாவது சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (இவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்) மூன்றிலும் லீக்கில் முதலிடம். அந்தக் காலி இடங்களில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1941இல் அவர் சராசரி .406. ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட் என்ற கணக்கு இது. கடைசி நாள் காலையில் அது .39955ஆக இருந்தது. உட்கார்ந்திருந்தால் .400 என்றே பதிவாகியிருக்கும். அவர் ஃபிலடெல்ஃபியாவில் அன்றைய இரண்டு ஆட்டங்களும் ஆடி, 8க்கு 6 ஹிட் அடித்தார். அதற்குப் பின் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ யாரும் .400 தொடவில்லை.

ஆர்டிஸ் கட்சிக்காரர்களுக்கும் வாதம் இல்லாமல் இல்லை. வில்லியம்ஸ் ஆடிய ஒரே வேர்ல்டு சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர், 1946. அதில் 25 வாய்ப்பில் ஐந்தே சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் ஹிட்). ஆர்டிஸின் வேர்ல்டு சீரிஸ் சராசரி .455, மூன்று கோப்பைகள். இப்படிப் பேசுங்கள், கேட்கிறேன். 541ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பேப் ரூத்

இவரது 714 ஹோம் ரன்னில் பாஸ்டனுக்கு அடித்தவை 49தான். இங்கே அவர் முதன்மையாக பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அவர் பெயரில் 89 வெற்றி.

காலத்தைக் கழற்றிவிட்டு எண்ணைப் பேசுவது

ஸ்மோக்கி ஜோ வுட் 1912இல் 34 ஆட்டம் வென்றார், அவரது ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன், குறைந்தால் நல்லது) 1.91. பெட்ரோ மார்ட்டினஸ் 2000இல் 1.74. பார்க்க இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. வுட் காலத்தில் ஹோம் ரன் என்பதே அபூர்வம். பெட்ரோ வீசியது, மட்டையாளர்கள் பலர் ஊக்கமருந்து எடுத்த ஸ்டீராய்டு காலத்தில். அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சராசரி ஈஆர்ஏ 4.9ஐ ஒட்டி இருந்தது. என்னைக் கேட்டால் இந்த அணியில் ஒரு பிட்சர் வீசிய மிகச்சிறந்த சீசன் அதுதான், மறுபேச்சு இல்லை. பாஸ்டனுக்கு சை யங்கும் ரோஜர் கிளெமன்ஸும் ஆளுக்கு 192 வெற்றி, பெட்ரோவுக்கு 117 என்று உடனே யாராவது ஆரம்பிப்பார்கள். வெற்றிக் கணக்கில் பாதி, கூட ஆடுபவர்களின் மட்டையில் இருக்கிறது.

பழைய காலத்தைப் பேசும்போது ஒன்றையும் மறக்கக் கூடாது. 1947 வரை மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அதை 1947இல் திறந்த ஜாக்கி ராபின்சன், 1945இல் பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்கில் தேர்வுக்கு வந்தார். ரெட் சாக்ஸ் எடுக்கவில்லை. கடைசியாகக் கதவைத் திறந்த அணியும் இதுதான், 1959இல், பம்ப்ஸி கிரீன் மூலம். அந்தக் கால ஆட்டக்காரர்கள் யாரோடெல்லாம் மோதவில்லை என்பதும் அவர்கள் எண்ணுக்குள் இருக்கிறது.

ஒரே ஆள் தலையில் தோல்வியைக் கட்டுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு நண்பர் வீட்டு விருந்தில் ஒரு தம்பி போனை நீட்டினார். 1986 வேர்ல்டு சீரிஸ், ஆறாவது ஆட்டம், நியூயார்க் ஷே ஸ்டேடியம். மெட்ஸ் அணியின் மூக்கி வில்சன் தட்டிவிட்ட பந்து தரையோடு உருண்டு, முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போகிறது. "இந்த ஒரு பந்துதான் அண்ணா, கோப்பையே போச்சு."

"அந்தப் பந்துக்கு முன்னாடி ஸ்கோர் என்ன?"

"பாஸ்டன் லீடிங்."

இல்லை. 5-5, சமம். நான் இதுவரை கேட்டவர்களில் பாதிக்கு மேல் இதையேதான் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 முன்னிலை. மெட்ஸுக்கு இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் முடிந்தது, பேஸில் யாரும் இல்லை. கால்வின் ஷிரால்டி வீச, கேரி கார்ட்டர் சிங்கிள், கெவின் மிட்செல் சிங்கிள். ரே நைட்டுக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று, மூன்றானால் அவுட், இன்னும் ஒன்று விழுந்தால் கோப்பை, அவரும் சிங்கிள். 5-4. ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவருகிறார்கள். வில்சனுக்கும் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு ஸ்டான்லி வீசிய ஒரு பந்து கேட்சர் ரிச் கெட்மனைத் தாண்டி ஓடுகிறது. நம் கிரிக்கெட்டில் பை ஓடுவது போல மிட்செல் மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்துவிடுகிறார். முன்னிலை போனது அங்கே. பக்னர் வருவது அதற்கப்புறம். அவர் பந்தைப் பிடித்து வில்சனை அவுட் செய்திருந்தாலும் கிடைத்திருப்பது பதினோராவது இன்னிங்ஸ்தான்.

பக்னரின் கணுக்கால்கள் அந்தத் தொடர் முழுக்க மோசம். அதில் பாஸ்டன் வென்ற மூன்று ஆட்டங்களிலும் கடைசி நேரத்தில் அவரை வெளியே எடுத்து டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்தினார்கள். அன்று மட்டும் மேலாளர் ஜான் மெக்நமாரா மாற்றவில்லை. திட்டுவதாக இருந்தால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று, அது ஆறாவது ஆட்டம். ஏழாவது பாக்கி இருந்தது. அதில் பாஸ்டன் 3-0 முன்னிலையில் இருந்து 8-5 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் யார் வீசினார், யார் கோட்டை விட்டார் என்று கேட்டால் அந்தத் தம்பிக்குத் தெரியாது. போனில் வருவது ஆறாவது ஆட்டத்தின் பத்து விநாடி மட்டும்தானே.

2,700க்கு மேல் ஹிட் அடித்த, 1980இல் சிகாகோ கப்ஸுக்காக பேட்டிங் பட்டம் வாங்கிய மனிதர் பக்னர். அவரை வருடக்கணக்கில் ஏசினார்கள். குடும்பத்தோடு ஐடஹோவுக்குக் குடிபோனார். 2008 ஏப்ரலில் ஃபென்வேயில் முதல் பந்தை வீச அழைத்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ரசிகர்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். நேற்று வந்தவர்கள் ஏன் திரும்பத் திறக்கிறார்கள் என்றுதான் எனக்கு எரிச்சல்.

மறக்க முடியாத ஆட்டத்துக்குக் கோப்பையைக் கொடுத்துவிடுவது

கார்ல்டன் ஃபிஸ்க் பந்தை உள்ளே விழச்சொல்லிக் கையை அசைத்துக்கொண்டே ஓடிய 1975 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டம், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அவர் ஹோம் ரன்னால் பாஸ்டனுக்கு 7-6 வெற்றி. எட்டாவது இன்னிங்ஸில் பெர்னி கார்போ மூன்று ரன் ஹோம் ரன்னால் சமன் செய்திருக்காவிட்டால் ஃபிஸ்குக்கு வாய்ப்பே வந்திருக்காது. சரி, தொடர்? மறுநாள் சின்சினாட்டி 4-3 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்வது 2004இல் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டத்திலும் உண்டு. 0-3 என்று பின்தங்கியிருந்த பாஸ்டன் அங்கிருந்துதான் மீண்டது. டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடியதோடு (ஹிட் இல்லாமலேயே ஓடிப் பிடித்ததோடு) பேச்சை முடித்துவிடுவார்கள். அவருக்கு ஓட இடம் கிடைத்தது, கெவின் மில்லார் நான்கு தவறான பந்துகளால் இலவசமாக வாங்கிய முதல் பேஸால்; மில்லாருக்குப் பதிலாகத்தான் ராபர்ட்ஸ் ஓடினார். அவரை ரன்னாக்கியது பில் மியூலரின் ஹிட். வீசியவர் ஆட்டத்தை முடித்துவைப்பதில் பெயர்பெற்ற யாங்கீஸின் மரியானோ ரிவேரா என்பதால் மூன்றுமே கடினம்.

யாங்கீஸ் ரசிகரிடம் 2004ஐ முதல் வரியிலேயே எடுப்பது

வேண்டாம். அவர்களிடம் 27 கோப்பை இருக்கிறது.

சுவரை மறப்பது

ஃபென்வேயின் இடது பக்கச் சுவர் 37 அடி உயரம். வேறு மைதானத்தில் கேட்ச் ஆகும் பந்து இங்கே சுவரில் பட்டு டபுள் (இரண்டு பேஸ் கிடைக்கும் ஹிட்) ஆகும். தாழ்வாகப் பறக்கும் சில ஹோம் ரன்களை அதே சுவர் தடுத்தும்விடும். ஒரு ஆட்டக்காரரைத் தூக்கிப் பேசும் முன் அவருடைய ஃபென்வே கணக்கையும் வெளியூர் கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். வில்லியம்ஸ் இடதுகைக்காரர், பெரும்பாலும் வலப்பக்கம் இழுத்து அடிப்பவர். அந்தப் பக்கம் மைதானம் ஆழம்.