கடலோர வீட்டில் பல் பராமரிப்பு: படுக்கும் முன் துலக்குவதில் தொடங்குங்கள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் காலையில் பல் விளக்காமல் காப்பித் தம்ளரைத் தொடுகிறவர்கள் குறைவு. ஆனால் படுக்கப் போகும் முன் பல் விளக்குகிறவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு வேளையும் துலக்க வேண்டும் என்பதே முறை. என்றாலும், ஒரு வேளை தவறித்தான் போகும் என்றால் அது படுக்கும் முன் துலக்கும் வேளையாக இருக்கக் கூடாது. நாம் தின்ற இனிப்பையும் மாவுப் பொருளையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பகலில் ஊறும் எச்சில் அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காக்கிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லிடுக்கில் தங்கிய சோறும் பலகாரமும் மணிக்கணக்கில் தடையின்றிக் கெடுதல் செய்கின்றன.

நம் கரையில் எல்லாருக்கும் இரவு ஒன்றாக வருவதில்லை. விசைப்படகில் போய் ஓரிரவு கடலில் கழித்துவிட்டு வருகிறவருக்கு, மீனை இறக்கி, கணக்கு முடித்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு முற்பகலில் கண்ணயர்வதுதான் இரவு. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், உறங்கும் முன் வாயில் கடைசியாகப் படுவது பற்பசையாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது என்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

துலக்கும் முறை எளியது. மென்மையான இழைகள் உள்ள பிரஷை, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சிறு வட்டங்களாக மெதுவாகச் சுழற்றி, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கமும் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறமும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள் என்பதால், அங்கிருந்தே தொடங்குவது நல்லது. ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் வைத்தால் போதும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் பல்லில் தங்கிப் பயன் தர வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். குடம் குடமாக விலைக்கு வாங்கி நல்ல தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு இது இன்னொரு விதத்திலும் நன்மைதான். கடற்காற்றின் ஈரத்தில் பிரஷ் சீக்கிரம் காயாது. அதை மூடி போட்டு அடைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மூன்று மாதத்திலோ, இழை விரிந்ததுமோ மாற்றிவிடுங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் வேப்பங்குச்சியை விடச் சொல்லி வாதாட வேண்டியதில்லை. காலையில் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கி, ஈறில் கீறாமல் துலக்கட்டும். படுக்கும் முன் மட்டும் பற்பசை போடட்டும். சாம்பல், அடுப்புக்கரி, செங்கல் தூள், பொடியுப்பு ஆகியவற்றை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும். அவை அழுக்கை எடுப்பதுபோல் தோன்றினாலும் எனாமலையே தேய்த்துவிடுவதால், பின்னாளில் பல் கூசும். மீன் முள் இடுக்கில் குத்தி நின்றால் ஊக்கால் நோண்டாதீர்கள். பல்லிடுக்கைத் துலக்குவதற்கென்றே மருந்துக் கடையில் விற்கும் மெல்லிய நூலை இடுக்கில் விட்டு, மெதுவாக வெளியே இழுத்தால் வந்துவிடும்.

இனிப்பைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பனங்காட்டோடு வாழ்கிற நாம், கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சீனியைப்போல் பல்லைக் கெடுக்காது என்று நம்புகிறோம். இரண்டிலும் மிகுதியாக இருப்பது சர்க்கரையே. வாய்க் கிருமிக்கு அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்ற வேறுபாடு இல்லை. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பதே பல்லைக் கூடுதலாகப் பாதிக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு துண்டு கருப்பட்டி தின்பதில் பெரிய கேடு இல்லை. இருமலுக்கு என்று பனங்கற்கண்டைக் குழந்தையின் வாயில் அடக்கித் தூங்க வைப்பது மிகவும் கெடுதல்.

இதை என் மகளிடம் பட்டுத்தான் அறிந்தேன். அவளுக்கு ஒன்றரை வயதானபோது, சீனி போட்ட பால்புட்டியைச் சப்பியபடியே தூங்குவாள். நானும் அழாமல் உறங்குகிறாளே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மடியில் தலையைச் சாய்த்துப் படுக்க வைத்து, மேலுதட்டை விரலால் தூக்கி விளக்கொளியில் பார்த்தபோது, முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் ஒரு வெள்ளை வரி தெரிந்தது. சொத்தையின் தொடக்கம் அதுதான். இந்தக் கட்டத்தில் புட்டியை நிறுத்தி, முறையாகத் துலக்கி, பல் மருத்துவரிடம் காட்டினால் மேலும் பரவாமல் தடுக்க முடியும். வரி பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைத்துத்தான் ஆக வேண்டும். மாதம் ஒரு முறை இப்படி உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கிவிடுங்கள். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும். ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல் என்று தெரியாமல், விழப்போகிற பல்தானே என்று சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் ஏராளம்.

வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்களின் கன்னத்து உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ, வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். புகையிலையை விடுவதே இதற்கு முதல் பாதுகாப்பு. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். அதற்குப் பயந்து துலக்காமல் விட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

வலி வந்த பிறகு மருத்துவரைத் தேடாமல், ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு காட்டிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்ற நேரம். வீட்டு ஆண்கள் கரையில் இருப்பார்கள், மே மாதம் பள்ளியும் விடுமுறை. கை இறுக்கமான காலம் என்பதால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம். பல்வலிக்கு மாத்திரையை ஈறில் வைத்து அடக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுங்கச் சிரமமாக இருந்தால், மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விளையாடும் பிள்ளை விழுந்து நிலையான பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால், பால்பல்லைப்போல் கூரை மேல் எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, மணல் ஒட்டியிருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ சில நொடி மட்டும் அலசி, பிள்ளை தெளிவாக இருந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் பல் உலரக் கூடாது. பொருத்த முடியாவிட்டால் ஒரு தம்ளர் பாலில் பல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பால்பல் பெயர்ந்திருந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் புதுப்பல்லுக்கு ஊறு நேரும்.