ஃபைல் சர்வர் கட்டுகிறீர்களா? டிஸ்க் கன்ட்ரோலரை முதலில் பாருங்கள்

ஹார்டு டிஸ்க்கைப் பத்து கடை ஏறி இறங்கி வாங்குகிறோம். அதை மாட்டும் கன்ட்ரோலர் மட்டும் கிடைத்தது போதும் என்று விட்டுவிடுகிறோம். ஒரு டிஸ்க் போனால் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி வைக்கும் ஏற்பாடு) தாங்கும். கன்ட்ரோலர் தகராறு செய்தால் அதில் மாட்டிய எல்லா டிஸ்க்கும் சேர்ந்து தடுமாறும்.

படி 1: நாலைந்து டிஸ்க்தான் என்றால் மதர்போர்டிலேயே இருக்கும் சாட்டா போர்ட்டுகளே (டிஸ்க் கேபிள் மாட்டும் இடங்கள்) போதும். தனிக் கார்டு வேண்டாம். பழைய போர்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் 6 சீரிஸ் சிப்செட்டின் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நாளாவட்டத்தில் பழுதாகலாம் என்று 2011 ஜனவரியில் இன்டெல்லே அறிவித்தது. திருத்தி வந்தது பி3 ஸ்டெப்பிங், அதாவது அந்தச் சிப்செட்டின் திருத்திய பதிப்பு. அதையே கேட்டு வாங்குங்கள்.

படி 2: அதற்கு மேல் டிஸ்க் வேண்டுமென்றால் எச்பிஏ கார்டு, அதாவது கூடுதல் டிஸ்க்குகளை மாட்ட உதவும் தனிக் கன்ட்ரோலர் கார்டு. எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற கார்டில் 8 டிஸ்க் மாட்டலாம். அதில் ஐடி மோடு ஃபர்ம்வேர் (ரெய்டு வேலையில் தலையிடாத, கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க்குகள் உள்ளது உள்ளபடி இசட்எஃப்எஸ்ஸுக்கு (ரெய்டு வேலையையும் தானே பார்க்கும் ஃபைல் சிஸ்டம்) தெரியும். ஹார்டுவேர் ரெய்டு கார்டு தன் சொந்த முறையில் டிஸ்க்கில் எழுதும். அது செத்தால் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். கார்டின் ஒரு போர்ட்டிலிருந்து பல டிஸ்க்குகளுக்குப் பிரியும் கேபிள் ‘ஃபார்வர்டு பிரேக்அவுட்’தானா என்று பாருங்கள். ‘ரிவர்ஸ்’ கேபிளும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் டிஸ்க் தெரியாது.

படி 3: இந்தக் கார்டுகள் சர்வர் பெட்டிக்குள் அடிக்கும் காற்றை நம்பிச் செய்தவை. சாதாரண கேபினெட்டில் ஹீட்சிங்க் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதன் மேல் ஒரு சின்ன ஃபேன் கட்டாயம்.

படி 4: முக்கியமான ஃபைல்களை ஏற்றுவதற்கு முன் சோதனை. தேவையில்லாத ஃபைல்களால் டிஸ்க்குகளைப் பாதிக்கு மேல் நிரப்பி, இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (எழுதிய தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட்டுங்கள். அப்புறம் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் அறிக்கை) 199ஆம் எண் வரியைப் பாருங்கள். அது சிஆர்சி பிழை, அதாவது டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தரவு சிதைந்த கணக்கு. அந்த எண் குறையவே குறையாது, அதனால் பழைய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். நிற்கவில்லையா, அதே டிஸ்க்கை வேறு போர்ட்டில் மாட்டுங்கள். அங்கே பிழை நின்றுவிட்டால் டிஸ்க் நல்லது, பழைய போர்ட்தான் சந்தேகம். பல டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் பிழை வந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கன்ட்ரோலர், பவர் சப்ளை, ரேம் மூன்றையும் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் எந்த டிஸ்க் எந்த போர்ட்டில் என்று சீரியல் எண்ணோடு எழுதி கேபினெட்டில் ஒட்டிவிட்டு, ஃபைல்களை ஏற்றத் தொடங்குங்கள்.